நாளுக்கு ஏழாயிரம்

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது படித்துவிட்டு, "என் பேரை வச்சு எத்தனை நாள் வேலை பாத்தீங்க?" என்று கேட்டாலும் கேட்பாள். நேரில் நான் அவளிடம் நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

ரேட் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு வாயைத் திறக்க மாட்டாள். கேட்பவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த மௌனத்தைத் தாங்கிய எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் ஒப்பந்தத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மாதச் சம்பளம் கிடையாது. வேலை பார்க்கிற நாளுக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவது. தோற்றத்தை அவள் வரைவாள், நான் அதைக் கட்டி ஓடவைப்பேன். நான் சென்னையில் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் தென்காசிக்கு வந்து விழுந்தவன். அவள் பத்து வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, மகளோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே செங்கோட்டைக்குத் திரும்பியிருந்தாள். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. கணவரைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தென்காசி ரத வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அறை பிடித்து, ஆளுக்குப் பாதி வாடகை கொடுத்தோம். தினமும் காலை ஒன்பது மணிக்குச் செங்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

அந்த மௌனத்தை நான் முதலில் பார்த்தது ஆலங்குளத்தில், ஒரு ஜவுளிக்கடையில். கடைக்காரர் நல்ல மனிதர். கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்துவிட்டு, "நாளுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"நாலாயிரம்" என்றாள். அது அவளுக்கு மட்டும். என் ரேட் தனி.

அவ்வளவுதான். பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர்தான் பேசினார். "கூடத் தெரியுதே" என்றார். "மெட்ராஸ்லயே இவ்வளவு கிடையாதுங்காங்க" என்றார். "எங்க அக்கா மவன் கம்ப்யூட்டர்தான் படிச்சிருக்கான், அவன் சும்மாவே செஞ்சு தாரேங்கான்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் கண்ணைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் அவர் எழுந்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கும்பிட்டார். வேலை போயிற்று.

வெளியே வந்ததும் எனக்கு எரிச்சல். "ஏதாவது சொல்லிருக்கலாம்லா? அவரு பிடிச்சு நிக்கதுக்கு ஒரு வார்த்தை வேணும்லா?"

"ரேட்டு சொன்ன பொறவு நான் என்ன பேசினாலும் அது அவருக்குத்தான் உதவும், எனக்கு உதவாது" என்றாள். "பாதிக்குச் செய்யதுக்கு ஊர்ல ஆள் இருக்கு. அவங்ககிட்டப் போகட்டும். நமக்கு இது மதி." போதும் என்பதற்கு மதி என்பாள். செங்கோட்டைக்காரி, கேரள எல்லைப் பேச்சு.

பாதிக்குச் செய்கிற ஆட்களில் நானும் ஒருவன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தெரிந்த முகத்திடம் தொகையைச் சொல்வது மரியாதையில்லை. வயரிங் செய்ய வருகிறவரிலிருந்து கல்யாணத்துக்குச் சமைக்க வருகிறவர் வரைக்கும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நீங்க பாத்துக் குடுங்க." நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவளும் ஒரே ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய புதிதில், சொந்தத் தாய்மாமாவிடம். அவருடைய பழத்தோட்டத்துக்கு இரண்டு மாதம் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுத்தாள். மாமா பார்த்துக் கொடுத்தது ஒரு பெரிய கூடை நிறைய மங்குஸ்தான். மேலே ரம்புட்டான் வேறு தூவியிருந்ததாம். "நல்ல பழம்" என்பாள். "தின்ன பிள்ளைக்குத்தான் வயிறு பிடிச்சுக்கிட்டது." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

என் ரேட்டைப் போட்டதும் அவள்தான். சென்னையில் வாங்கிய சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு தொகையை வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைக் கழற்றி மேஜையில் போட்டாள். சிவப்பு ஸ்கெட்சை எடுத்து நாட்களை அடிக்க ஆரம்பித்தாள். ஞாயிறு. தேர், தீபாவளி, பொங்கல். காய்ச்சலில் படுக்கிற நாள். கரண்ட் போகிற நாள். வேலை தேடி ஆலங்குளத்துக்கும் வீரகேரளம்புதூருக்கும் பஸ் ஏறுகிற நாள். பேசிவிட்டு வேலை கிடைக்காமல் வருகிற நாள். அடித்து முடித்தபோது வருடத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது.

"இந்த நாளுதான் உங்களுக்குச் சோறு போடும். அடிச்ச நாளும் சேத்து இதுதான் சுமக்கணும். பின்னே முப்பதால வகுத்தா எப்படி?" என்றாள். "உங்க ரேட்டு மூவாயிரம். இதுக்குக் கீழே யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எனக்கு இன்ன விலை உண்டு என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் மே மாதம் எனக்கு நெருக்கடி. மனைவிக்கு ஆறாவது மாதம். கையில் வேலை இல்லை. துபாயில் இருக்கும் மனைவியின் அண்ணன், ஒரு பெரிய கடையின் குடோனில் சரக்கு பார்க்கிற வேலைக்கு விசா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஜூன் இருபதுக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது, பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் பார்ப்பேன். போகாமல் இருக்க வேண்டுமென்றால் பிரசவத்துக்கும் அடுத்த ஐந்தாறு மாதத்துக்கும் பணம் வேண்டும். மனைவி அழவில்லை. "போறதுன்னா இப்பவே சொல்லிருங்க. கடைசி நேரத்துல சொல்லாதீங்க, என்னால தாங்க முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் குற்றாலத்தில் மூன்று லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார். போகும் வழியில் பஸ்ஸில் என் நிலைமையை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்போ இன்னைக்கு நீங்க பேசவே வேண்டாம்" என்றாள்.

அண்ணாச்சியின் அறை மெயினருவிக்குப் போகும் பாதையில் மாடியில் இருந்தது. ஜன்னல் வழியே பாறை தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அந்த புக்கிங் ஆப்புக்காரனுக்கு ரூமுக்கு ரூம் கமிஷன் அழுதே என் உசுரு போவுது" என்றார் அண்ணாச்சி. "சீசனுக்கு வாரவன் நேரா நம்மகிட்ட ரூம் போடணும். எவ்வளவு ஆவும்?"

"ரெண்டு பேருக்கும் சேத்து நாளுக்கு ஏழாயிரம். முப்பது வேலை நாள்" என்றாள். பேனாவை மூடினாள்.

நான் அண்ணாச்சி பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் பேசவில்லை. அவரும் வியாபாரி, அந்த வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. டீயில் ஆடை படிந்தது. இவர் எழுந்து கும்பிட்டுவிட்டால் நான் விமானம் ஏற வேண்டும் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இருபதாம் தேதி, இருபதாம் தேதி.

அப்போது மேனேஜர் உள்ளே வந்து, சுவரில் இருந்த கரும்பலகையில் அன்றைய ரூம் வாடகையைச் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாதது மாதிரிச் சொன்னார்: "எங்க ரேட்டெல்லாம் தண்ணியப் பாத்துத்தான்."

அவர் எதையும் கேட்கவில்லை. குறைக்கச் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம்.

"அதே மாதிரி வச்சுக்கிடுவோம் அண்ணாச்சி" என்றேன். "தண்ணி விழுத அன்னைக்கு முழு ரேட்டு. விழாத அன்னைக்குப் பாதி."

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அருவியில் தண்ணீர் விழுவதற்கும் வெப்சைட் செய்பவனின் கூலிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் குற்றாலத்தில் ரூம், ஆட்டோ, எண்ணெய் தேய்ப்பு, மிளகாய் பஜ்ஜி எல்லாமே தண்ணீருக்குத் தக்க விலைதான். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஜூன் முதல் வாரம் சீசன் வந்துவிடும், பாதி ரேட் பதினைந்து நாளுக்குமேல் போகாது என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்கும் போட்டிருந்தேன்.

"இது பேச்சு" என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "நீங்க வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா?"

"ரெண்டு பேரும் சேந்துதானே போனோம். உங்க வாயில வந்தா என் வாயில வந்த மாதிரிதான்."

"கோவமா?"

"பேசியாச்சு. இனி அதைப் பத்திப் பேச வேண்டாம். மதி."

அதற்குப் பிறகு அந்த முப்பது நாளில் அவள் ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு லாட்ஜ் மேனேஜர் அருவியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். அதுதான் சாட்சி. பல்கூடத் தேய்க்காமல் அதைத் திறப்பேன். பாறை. மறுநாள், பாறை. அதற்கு மறுநாள் பாறையின் மேல் ஒரு ஈரக் கோடு. இது தண்ணீரா இல்லையா என்று நான் மேனேஜரிடம் கால் மணி நேரம் வாதாடினேன். "குருவிகூடக் குளிக்காது சார்" என்றார் அவர்.

படத்தை நம்பாமல் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். வெயிலில் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரே மனிதன் நான். திரும்பி வந்து, ஒன்பது மணி பஸ்ஸில் இறங்குகிறவளைப் பிடித்துக் கேட்பேன்.

"அங்கன செங்கோட்டையில மழை உண்டா?"

"தூறல்."

"தூறலா, மழையா?"

"தூறல்" என்றபடி மாடிப்படி ஏறிவிடுவாள்.

ஏறினால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிர மாட்டாள். ரூம் பதிவு செய்கிற பக்கத்தை மட்டும் ஏழு தடவை மாற்றி வரைந்தாள். எட்டாவது தடவை மாற்றச் சொன்னபோது எனக்குப் பொறுமை போயிற்று.

"அந்தப் பட்டனுக்கு என்ன?"

"சின்னது. அருவியில குளிச்சிட்டு ஈரக் கையோட போனை எடுப்பான். இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போவோம்னு அப்பதான் தோணும். ஈரக் கைக்கு இது பத்தாது."

"பாதி ரேட்டுக்கு இது போதும்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "ரேட்டைத்தான் பாதியாக்குனீங்க. நாளைப் பாதியாக்கலை."

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். எனக்குப் பளார் என்று இருந்தது. அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பட்டனைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் முதல் வாரம் போயிற்று. சீசன் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் மலைப் பக்கம் இடி கேட்டது. நான் போர்வையை உதறி எழுந்தேன். ஏழு மணிக்கு வந்த படத்தில் பாறையே தெரியவில்லை, செம்மண் நிறத்தில் வெள்ளம். மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு சிரித்தாள். பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, இன்றைக்கும் பாதிதான் என்றார்.

பைக்கை விரட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். அண்ணாச்சி அறை ஜன்னல் வரை அருவி இரைந்தது. போலீஸ் கயிறு கட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி விழுதுல்லா அண்ணாச்சி."

"விழுது. எவனையாவது குளிக்க விடுதானா? வந்தவன் பூராவும் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். நான் இன்னைக்கு எழுதுன ரேட்டைப் பாரும்." பலகையைக் காட்டினார். பாதிதான் எழுதியிருந்தது. "நீரு சொன்ன பேச்சுதானய்யா. நான் கேட்டேனா?"

அவர் கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது. கத்திவிட்டுத் தொண்டை கட்டிப்போய் அறைக்குத் திரும்பினேன். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

முப்பது நாளில் முழு ரேட் கிடைத்தது நான்கே நாள். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். என் பங்கு ஐம்பத்தோராயிரம். வாயால் ஒரு வாக்கியம் சொல்லி, இரண்டு பேரிடமிருந்தும் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் பிடுங்கி அண்ணாச்சிக்குக் கொடுத்திருந்தேன். ஐம்பத்தோராயிரத்தில் பிரசவம் நடக்கும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. வெப்சைட் திறந்த அன்று ஜூன் பத்தொன்பது. வருகிறேன் என்று மச்சானுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் அறையில் உட்கார்ந்திருந்தபோது பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. அண்ணாச்சி பணத்தை அவள் கணக்கில் போட்டிருந்தார், அவள் என் பங்கை அனுப்பியிருந்தாள். தொண்ணூறாயிரம்.

"தப்பா அனுப்பிட்டீங்க" என்றேன்.

"இல்லை."

"எனக்கு அம்பத்தோராயிரம்தான் வரும்."

"உங்க ரேட்டு மூவாயிரம். நான்தான் போட்டேன். முப்பது நாள் வேலை பாத்தீங்க."

பிறகு பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தெரியும். நான் அதன் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "என்னைய என்னன்னு நெனச்சிய? தப்பு பண்ணுனது நானு" என்றேன். "உங்களுக்கு என்ன மிச்சம், சொல்லுங்க" என்றேன். என்ன மிச்சம் என்று எனக்கே தெரியும். இருபத்தொன்பதாயிரம். முப்பது நாள், எட்டுத் தடவை வரைந்த பக்கம், தினம் இரண்டு பஸ். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் அன்று செய்தது நல்ல மனசா பிடிவாதமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தான் போட்ட ரேட் ஒருவரிடமாவது நிற்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

சார்ஜர் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்து வைத்தாள். அப்போதுதான் அவளுடைய மேஜை காலியாகிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"திங்கக்கிழமை கொச்சியில சேரணும்" என்றாள்.

"எத்தனை நாள் வேலை?"

"நாள் வேலை இல்லை. மாசச் சம்பளம்."

"பிள்ளை?"

"அம்மாகூட இருக்கும். லீவு கிடைச்சா வருவேன்."

"சம்பளம் எவ்வளவு சொன்னீங்க?"

"நான் சொல்லலை. அவங்க சொன்னாங்க. சரின்னுட்டேன்."

ஜிப்பை மூடிவிட்டு நின்றாள். கூடப் போட்ட முப்பத்தொன்பதாயிரத்தைத் திருப்பிப் பிடியுங்க, ரெண்டு மாசம் தள்ளுவோம், வேற வேலை வரும், பிள்ளைய விட்டுட்டுப் போகாதீங்க என்று சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரை வந்தது. அவள் உடனே கிளம்பவில்லை. பையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடிதான் நின்றாள். கீழே கடையில் யாரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்துகளை வாசிப்பது கேட்டது. ஊரில் எந்த மௌனத்தையும் ஒரு நிமிஷம் தாங்காத நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பஸ் போகிற சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டுப் போனை எடுத்தேன். மச்சானுக்கு என்ன சொல்ல என்று மனைவி காலையிலேயே கேட்டிருந்தாள். போகலைன்னு சொல்லிரு என்று பதில் எழுதினேன்.